சுழலும்போது மட்டும் எரியும் விளக்கு

பழைய மிதிவண்டிகளின் சக்கரத்தை ஒட்டிச் சிறிய புட்டி வடிவில் ஓர் உலோகக் கருவி பொருத்தப்பட்டிருக்கும். அதன் தலையில் சொரசொரப்பான சிறு உருளை ஒன்று உண்டு. கையால் அதைத் தட்டிவிட்டால் உருளை சாய்ந்து டயரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். சக்கரம் சுழலும்போது உருளையும் சுழலும். உடனே முன்விளக்கு எரியத் தொடங்கும். இந்தக் கருவியைத்தான் மக்கள் டைனமோ என்று அழைத்தனர். சுங்கை சிப்புட், பத்து காஜா, தெலுக் இந்தான் வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், தோட்டப் பாதைகளில் இருள் சூழ்ந்த பிறகு நகரும் வெளிச்சம் பெரும்பாலும் இந்த டைனமோ விளக்கின் வெளிச்சமாகவே இருக்கும்.

அந்த விளக்குக்கு ஒரு விசித்திரமான குணம் இருந்தது. வேகமாக மிதித்தால் பளிச்சென எரியும். மெதுவாக மிதித்தால் மங்கிச் சிவக்கும். மேட்டில் ஏறும்போது, வெளிச்சம் மிகவும் தேவைப்படும் இடத்தில், அது மினுக் மினுக்கென்று இருக்கும். இறக்கத்தில் பாயும்போது அளவுக்கு மீறி ஒளிர்ந்து, சில வேளைகளில் பல்பே கருகிவிடும். மிதிவண்டி நின்றுவிட்டால் விளக்கும் அணைந்துவிடும். பேட்டரி இல்லை, எண்ணெய் இல்லை, திரி இல்லை. சக்கரத்தின் சுழற்சி ஒன்றுதான் அதற்குத் தீனி.

இந்தக் குணத்தினால் டைனமோ விளக்கு தோட்டத் தொழிலுக்கு நேரடியாகப் பயன்படவில்லை. பால்மரத்தை விடியலுக்கு முன்பே சீவத் தொடங்குவார்கள். இரவில் இலைகளின் வழியே நீர் குறைவாகவே ஆவியாகும்; அதனால் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருக்கும்; சீவிய இடத்தில் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற அந்த அழுத்தம் குறைந்துவிடும். ஆகவே பெரட்டு முடிந்ததும் இருட்டிலேயே நிரைக்குப் போக வேண்டும். மிதிவண்டியில் போகும்வரை டைனமோ வழிகாட்டும். ஆனால், மரத்தருகே நின்று கத்தியைப் பிடிக்கும்போது சக்கரம் சுழலாதே! எனவே, சீவுபவர் நெற்றியில் வேறொரு விளக்கைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. மண்ணெண்ணெய் விளக்கு, கார்பைடு விளக்கு, பின்னர் பேட்டரி விளக்கு எனக் காலத்துக்கேற்ப அது மாறியது.

நின்றால் அணைகிறது, சுழன்றால் எரிகிறது. இதற்குக் காரணம் என்ன? டைனமோவின் உள்ளே ஒரு காந்தமும் ஒரு கம்பிச்சுருளும் இருக்கின்றன. காந்தத்தின் வலிமை வண்டி நின்றாலும் குறைவதில்லை. கம்பியும் அப்படியேதான் இருக்கிறது. அப்படியானால், சுழற்சி இவற்றுக்கு எதைக் கொடுக்கிறது? ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவின் சிறந்த அறிவியலாளர்கள் பலரைத் திணறடித்த கேள்வி இது.

1820-ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த ஆர்ஸ்டெட் ஓர் உண்மையைக் கண்டார். மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகில் திசைகாட்டியை வைத்தால் அதன் முள் திரும்புகிறது. அதாவது மின்னோட்டம் காந்த விளைவை உண்டாக்குகிறது. அப்படியானால் காந்தத்தைக் கொண்டு மின்னோட்டத்தை உண்டாக்க முடியாதா என்று பலரும் முயன்றனர். வலிமையான காந்தங்களைக் கம்பிச்சுருளுக்குள் வைத்துப் பார்த்தனர். ஒன்றும் நிகழவில்லை.

அவர்களுள் ஜெனிவா நகரத்துக் கொலாடோனின் கதை பரிதாபமானது. 1825-ஆம் ஆண்டில் அவர் ஒரு பெரிய கம்பிச்சுருளையும் வலிமையான காந்தத்தையும் கொண்டு சோதனை செய்தார். மிகச் சிறிய மின்னோட்டத்தையும் காட்டக்கூடிய அளவி அவரிடம் இருந்தது. காந்தம் அந்த அளவியின் முள்ளை நேரடியாக இழுத்துவிடக் கூடாது என்று எண்ணி, அளவியை நீண்ட கம்பிகளால் இணைத்து வேறோர் அறையில் வைத்தார். காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்துவிட்டு, நடந்துபோய் அளவியைப் பார்த்தார். முள் அசையாமல் இருந்தது. உண்மையில் அவர் காந்தத்தை நகர்த்திய நொடியில் முள் அசைந்திருக்கும். அவர் அடுத்த அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும். துணைக்கு ஒருவரை அந்த அறையில் நிறுத்தியிருந்தால், இன்று பாடநூல்கள் அவர் பெயரைச் சொல்லியிருக்கும்.

அந்தப் புகழ் மைக்கேல் பாரடேக்குப் போய்ச் சேர்ந்தது. 1791-ஆம் ஆண்டில் ஓர் இரும்புக் கொல்லரின் மகனாகப் பிறந்த பாரடே, இளமையில் இலண்டனில் புத்தகம் கட்டும் தொழில் பழகினார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்துப் படித்தே அறிவியலில் நாட்டம் கொண்டார். 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் அவர் ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பிகளைச் சுற்றினார். ஒரு சுருளைப் பேட்டரியோடும் மற்றொன்றை அளவியோடும் இணைத்தார். பேட்டரியை இணைத்த கணத்தில் மறுபக்கத்து அளவியின் முள் துடித்தது, பிறகு அடங்கிவிட்டது. பேட்டரியைத் துண்டித்தபோது மீண்டும் துடித்தது, இம்முறை எதிர்த் திசையில். இடைப்பட்ட நேரத்தில் மின்னோட்டம் முதற்சுருளில் தடையின்றிப் பாய்ந்துகொண்டிருந்தும் மறுபக்கத்தில் எந்த அசைவும் இல்லை.

அவ்வாண்டு அக்டோபர் 17-ஆம் நாள் அவர் இன்னும் எளிய சோதனையைச் செய்தார். ஒரு காந்தத் தண்டைக் கம்பிச்சுருளுக்குள் விரைந்து நுழைத்தார், முள் அசைந்தது. வெளியே இழுத்தார், முள் எதிர்ப்பக்கம் அசைந்தது. உள்ளேயே சும்மா வைத்திருந்தார், முள் அசையவில்லை. மற்றவர்கள் காந்தத்தின் வலிமையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பாரடேயோ தேவைப்படுவது வலிமை அன்று, மாற்றம் என்பதைக் கண்டுகொண்டார்.

இதைப் புரிந்துகொள்ளக் காந்தப்புலத்தை மனக்கண்ணால் காண வேண்டும். காந்தத்தின் மேல் ஒரு தாளை வைத்து இரும்புத்தூளைத் தூவினால், தூள் வளைந்த கோடுகளாக அணிவகுக்கும். காந்தத்தைச் சுற்றி அதன் ஆற்றல் பரவியிருக்கும் வெளியே காந்தப்புலம். அக்கோடுகளில் எத்தனை ஒரு கம்பிச்சுருளின் வழியே நுழைந்து செல்கின்றன என்பதுதான் இங்கு முக்கியம். அந்த எண்ணிக்கை மாறும்போதெல்லாம் கம்பியில் மின்னழுத்தம் தோன்றும். மாற்றம் விரைவாக இருந்தால் மின்னழுத்தம் அதிகமாகும். சுருளில் கம்பியின் சுற்றுகள் கூடினாலும் அதிகமாகும். மாற்றம் நின்றால் மின்னழுத்தமும் இல்லை. இந்த நிகழ்வுக்கு மின்காந்தத் தூண்டல் என்று பெயர்.

இனி மிதிவண்டியின் டைனமோவைப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் விளங்கும். உருளையின் அச்சில் ஒரு காந்தம் இருக்கிறது. அதைச் சுற்றி அசையாத கம்பிச்சுருள் இருக்கிறது. அச்சு சுழலும்போது காந்தத்தின் வடதுருவமும் தென்துருவமும் மாறி மாறிச் சுருளைக் கடந்து செல்கின்றன. அதனால் மின்னோட்டம் ஒருமுறை இந்தப் பக்கமும் மறுமுறை அந்தப் பக்கமுமாகத் திசை மாறி ஓடுகிறது. இதுவே மாறுதிசை மின்னோட்டம். ஒரே திசையில் மின்னோட்டம் தரும் கருவியைத்தான் பொறியாளர்கள் டைனமோ என்பார்கள். அந்தக் கணக்கில் மிதிவண்டியில் இருப்பது டைனமோவே அன்று. ஆனால், உலகம் முழுவதும் மக்கள் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். இனி அதை மாற்ற யாராலும் இயலாது.

மற்றொன்றையும் மிதிவண்டி ஓட்டியவர்கள் நன்கு அறிவார்கள். டைனமோவைச் சக்கரத்தில் ஒட்டவிட்டவுடன் மிதிப்பது சற்றுக் கடினமாகும். இதற்கு உராய்வு மட்டும் காரணம் அன்று. சுருளில் மின்னோட்டம் பாயும்போது அந்தச் சுருளும் ஒரு காந்தமாகிவிடுகிறது. அந்தக் காந்தம், தன்னை உண்டாக்கிய சுழற்சியையே எதிர்க்கும் வகையில் அமைகிறது. 1834-ஆம் ஆண்டில் லென்ஸ் என்ற அறிவியலாளர் இதை விதியாக எடுத்துரைத்தார். எதிர்ப்பு இல்லாதிருந்தால், ஒருமுறை சுழற்றிவிட்ட காந்தம் என்றென்றும் மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். இயற்கை அப்படி எதையும் இலவசமாகத் தருவதில்லை. பழைய மிதிவண்டி விளக்குக்குத் தேவை சுமார் 3 வாட். அந்த 3 வாட்டையும், உராய்விலும் வெப்பத்திலும் வீணாகும் இன்னும் சில வாட்டையும், ஓட்டுபவரின் கால்களே தருகின்றன. அவர் காலையில் உண்ட சோறுதான் விளக்கில் ஒளியாக வெளிப்படுகிறது என்று சொன்னாலும் தவறில்லை.

லென்ஸின் விதியைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே காணலாம். ஒரு மீட்டர் நீளச் செப்புக் குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, அதனுள் வலிமையான சிறு காந்தம் ஒன்றைப் போட வேண்டும். செம்பைக் காந்தம் ஈர்க்காது. ஆயினும் காந்தம் சட்டென விழாமல், நீருக்குள் அமிழ்வதுபோல மெல்ல மெல்ல இறங்கிவரும். விழும் காந்தம் குழாயில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் காந்தம் விழுவதைத் தடுக்கிறது. அதே அளவுள்ள காந்தமற்ற இரும்புத் துண்டைப் போட்டால் நொடியில் கீழே வந்துவிடும். முதன்முறை பார்ப்பவர்கள் ஏதோ தந்திரம் என்றே நினைப்பார்கள்.

பாரடே கண்ட இதே விதி, ஒருவர் கால்களுக்குப் பதிலாக ஓர் ஆற்றையே பூட்டினால் என்ன ஆகும்? பேராக் மாநிலத்தில் அதுதான் நடந்தது. அதற்குத் தூண்டுகோலாக இருந்தது ஈயம். மலேசியத் தமிழர் பேச்சில் ஈயம் என்பது வெள்ளீயமே. ஈய நிலத்தில் தோண்டிய பள்ளங்களில் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அதை இறைக்க வேண்டும். தாது கலந்த மண்ணை அள்ளிக் கழுவ வேண்டும். இவற்றுக்கெல்லாம் பெரும் ஆற்றல் தேவை. 1894-ஆம் ஆண்டிலேயே சிலாங்கூர் மாநிலத்தின் ரவாங்கில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் சுரங்கத்தில் மின்னாக்கியை நிறுவி, மின்சாரத்தால் நீரிறைத்தனர். மலாயாவில் சுரங்கத்துக்கு மின்சாரத்தைப் பயன்படுத்தியதில் அவர்களே முன்னோடிகள். இந்நாட்டு மின்சார வரலாற்றின் முதற்பக்கத்தில் ஒரு சீனரின் பெயரும் ஒரு தமிழரின் பெயரும் இணைந்தே நிற்கின்றன.

ரவாங்கை விடப் பன்மடங்கு பெரிய ஈய வயல் கிந்தா பள்ளத்தாக்கு. ஈப்போ, பத்து காஜா, கம்பார் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய இப்பகுதிக்கு ஒவ்வொரு சுரங்கமும் தனித்தனியே இயந்திரம் வைத்துக்கொள்வது கட்டுப்படியாகவில்லை. 1920-களில் பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம் தோன்றியது. அது மாலிம் நாவாரில் நீராவியால் இயங்கும் மின்நிலையத்தையும், கோலகங்சாருக்கு வடக்கே பேராக் ஆற்றின் குறுக்கே செண்டரோ அணையையும் கட்டியது. சுமார் 400 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆறு அதுவரை படகுகளைச் சுமந்தது, வயல்களை நனைத்தது, அவ்வப்போது வெள்ளமாகப் பெருகி ஊர்களை மூழ்கடித்தது. செண்டரோவில் அதன் கையில் ஒரு மாபெரும் டைனமோ கொடுக்கப்பட்டது.

அணையில் தேங்கி உயர்ந்து நிற்கும் நீர், பெருங்குழாய்களின் வழியே கீழே பாய்ந்து, விசையாழி எனப்படும் இறக்கைச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. விசையாழியின் அச்சோடு காந்தங்கள் பொருத்திய சுழலி இணைந்திருக்கிறது. அதைச் சூழ்ந்து அசையாத கம்பிச்சுருள்கள் நிற்கின்றன. மிதிவண்டி டைனமோவில் இருப்பதும் இதே அமைப்புதான். வேறுபாடு ஒன்று உண்டு. மிதிவண்டி விளக்கின் ஒளி வேகத்துக்கேற்பக் கூடிக் குறையலாம். ஒரு மாநிலத்துக்கு மின்சாரம் தரும் நிலையத்தில் அப்படி இருக்கக் கூடாது. மலேசியாவில் மாறுதிசை மின்னோட்டம் ஒரு நொடிக்கு 50 சுற்றுகள் என்ற கணக்கில் ஓடுகிறது. காட்டாக, 40 காந்தத் துருவங்கள் கொண்ட சுழலி ஒன்று நிமிடத்துக்குச் சரியாக 150 முறை சுழன்றால்தான் அந்தக் கணக்கு நிறைவேறும். ஊர் மக்கள் மாலையில் ஒரே நேரத்தில் விளக்குகளைப் போட்டதும், லென்ஸின் விதிப்படி சுழலியின் மேல் எதிர்ப்புக் கூடும். அது தளர முயலும். உடனே நீர்வழி சற்று அகலத் திறந்து, கூடுதல் நீர் பாய்ந்து, வேகம் காக்கப்படும்.

நீரின் வலிமையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒரு கன மீட்டர் நீரின் எடை ஒரு டன். அது 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 196,000 ஜூல். எதுவும் வீணாகாவிட்டால், 3 வாட் மிதிவண்டி விளக்கை ஏறத்தாழ 18 மணி நேரம் எரிக்க இது போதும். பேராக் ஆற்றில் பின்னாளில் இன்னும் மூன்று நிலையங்கள் எழுந்தன. தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங் என்பன அவை. மேலே தெமெங்கோரில் சுழலியைச் சுழற்றிய நீரே பெர்சியாவிலும், பிறகு கெனெரிங்கிலும், கடைசியாகச் செண்டரோவிலும் வேலை செய்கிறது. ஒரே நீருக்கு நான்கு முறை வேலை! இவற்றுள் தெமெங்கோரின் திறன் மட்டும் 348 மெகாவாட். மிதிவண்டி விளக்குகளாகக் கணக்கிட்டால் 11 கோடியே 60 இலட்சம் விளக்குகள்.

செண்டரோவில் பிறந்த மின்சாரம் கிந்தா பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர வேண்டுமே! நீண்ட கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் கம்பி சூடாகி ஆற்றல் வீணாகும். மின்னோட்டம் இருமடங்கானால் வீணாவது நான்கு மடங்காகும். எனவே மின்னழுத்தத்தை மிக உயர்த்தி, மின்னோட்டத்தைக் குறைத்து அனுப்புகிறார்கள். 1,000 கிலோவாட்டை 1,000 வோல்ட்டில் அனுப்ப 1,000 ஆம்பியர் தேவை. அதையே 100,000 வோல்ட்டில் அனுப்பினால் 10 ஆம்பியரே போதும். அதே கம்பியில் வீணாகும் வெப்பம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். மின்னழுத்தத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் மின்மாற்றி பயன்படுகிறது. ஓர் இரும்புச் சட்டத்தின் மேல் இரண்டு கம்பிச்சுருள்கள் சுற்றப்பட்டிருக்கும், அவ்வளவுதான். 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாரடே செய்த வளையத்துக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடே இல்லை. திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டம் ஒரு சுருளில் பாய்வதால் இரும்பின் காந்தப்புலம் ஓயாமல் மாறுகிறது. அதனால் மறு சுருளில் ஓயாமல் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. திசை மாறாத மின்னோட்டத்தைக் கொடுத்தால் மின்மாற்றி சும்மா கிடக்கும். சூடேறிக் கெட்டுப்போகவும் கூடும்.

சுரங்கங்களை அடைந்த மின்சாரம் மீண்டும் சுழற்சியாக மாறியது. டைனமோவில் சுழற்சி மின்சாரமாகிறது. மோட்டாரில் மின்சாரம் சுழற்சியாகிறது. இரண்டும் ஒரே கருவியின் இரு முகங்கள். மோட்டார்களால் இயங்கிய இயந்திரங்களில் கண்ணை விட்டு அகலாதது ஈயம் தோண்டும் கப்பல். அதன் மாதிரியாக ஒன்று பத்து காஜாவுக்கு அருகில் இன்றும் நிற்கிறது. தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் கப்பல் எனப்படும் அது 1938-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. எடை சுமார் 4,500 டன். தானே தோண்டிய குளத்தில் மிதந்தபடி, சங்கிலியில் கோத்த வாளிகளால் அடிமண்ணை அள்ளி வயிற்றுக்குள் கொட்டிக் கழுவி, ஈயத்தாதைப் பிரித்து, கழிவைப் பின்னால் தள்ளும். 1980-களின் தொடக்கத்தில் அதன் வேலை முடிந்தது. அதன் வாளிகள் ஒவ்வொன்றையும் அருகில் நின்று பார்ப்பவர்களுக்கே, ஓர் ஆறு ஏன் தேவைப்பட்டது என்பது புரியும்.

கழுவிய பிறகும் ஈயத்தாதோடு கனமான கருமணல் ஒட்டிக்கொண்டு வரும். அதற்கு அமாங் என்று பெயர். ஈப்போவைச் சுற்றிலும் இந்த அமாங்கைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் இயங்கின. இங்கே ஆர்ஸ்டெட்டின் கண்டுபிடிப்பு வேலை செய்தது. கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைப் பாய்ச்சினால் உள்ளிருக்கும் இரும்பு காந்தமாகும். மின்னோட்டத்தைக் கூட்டினால் காந்தத்தின் வலிமையும் கூடும். இதுவே மின்காந்தம். உலர்த்திய அமாங்கை மெல்லிய படலமாக ஓடவிட்டு, அதன்மேல் மின்காந்தங்களை நிறுத்துவார்கள். இரும்பு கலந்த இல்மனைட் முதலில் இழுபடும். வலிமையை மேலும் கூட்டினால், காந்தத்துக்கு அரைமனத்தோடு இசையும் மோனசைட்டு போன்றவை வரும். ஈயத்தாதும் சிர்க்கோனும் எந்தக் காந்தத்துக்கும் அசையாமல் கிடக்கும். பிறகு மின்கடத்தும் தன்மையைக் கொண்டு இவ்விரண்டையும் பிரிப்பார்கள். இல்மனைட்டிலிருந்து வெள்ளைச் சாயப்பூச்சுக்கான பொருள் கிடைக்கிறது. மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் கலந்திருப்பதால், அதன் தூசியை மூச்சோடு உள்ளிழுப்பது ஆபத்து. கண்ணுக்கு ஒரே கருமணலாகத் தெரிவதை, கைப்பிடியைத் திருகித் திருகி வகைவகையாகப் பிரித்துக் காட்டும் இந்த வித்தையைப் பாரடே பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இத்தனை மின்சாரமும் ஆற்றிலிருந்து சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் ஓடியபோது, இடையில் இருந்த ரப்பர் தோட்டங்கள் பெரும்பாலும் இருட்டிலேயே இருந்தன. லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. உயர் அழுத்தக் கம்பி ஒரு தோட்டத்தின் பக்கமாகப் போனாலும் அதிலிருந்து ஒரு கம்பியை இழுத்து வீட்டுக்கு விளக்குப் போட்டுக்கொள்ள முடியாது. மின்னழுத்தத்தைப் படிப்படியாகத் தாழ்த்த மின்மாற்றிகள் வேண்டும், கம்பங்கள் வேண்டும், செலவு செய்ய ஆள் வேண்டும். மின்நிறுவனத்துக்குச் சுரங்கங்களே பெரிய வாடிக்கையாளர்கள். தோட்டங்களோ தனியார் நிலங்கள். விடுதலைக்குப் பின் கம்பங்களுக்கும் சிற்றூர்களுக்கும் மின்சாரம் கொண்டுசென்ற அரசுத் திட்டங்கள் தோட்ட எல்லைக்குள் எளிதில் நுழையவில்லை. அறிவியல் அதற்குத் தடையாக இருக்கவில்லை. மின்மாற்றியை யார் செலவில் வைப்பது என்பதே தடையாக இருந்தது.

சில தோட்டங்களில் சொந்த மின்னாக்கி இருந்தது. டீசல் இயந்திரம் அதன் சுழலியைச் சுழற்றும். ரப்பர் தொழிற்சாலைக்கும் துரையின் பங்களாவுக்கும் போக மீதியே லயங்களுக்கு வரும். அதுவும் மாலையில் சில மணி நேரம் மட்டுமே. இரவில் குறித்த நேரம் வந்ததும் இயந்திரத்தை நிறுத்துவார்கள். அப்போது லயத்து விளக்குகள் பொத்தானை அழுத்தியதுபோல் பட்டென்று அணைவதில்லை. கனத்த சுழலி உடனே நிற்காமல் தளர்ந்து தளர்ந்து சுழலும். காந்தப்புலத்தின் மாற்றம் மெதுவாக மெதுவாக மின்னழுத்தமும் இறங்கும். வெண்மஞ்சளாக இருந்த பல்பின் இழை செம்மஞ்சளாகி, செந்நிறமாகி, கடைசியில் மறையும். பாயைத் தட்டிப் போடவும் புத்தகத்தை மூடி வைக்கவும் அந்தச் சில நொடிகள் உதவும். மிச்சப் பாடத்தை முடிக்க விரும்பும் பிள்ளை மண்ணெண்ணெய் விளக்கைத்தான் ஏற்ற வேண்டும்.

1990-ஆம் ஆண்டில், தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் அடிப்படை வசதிகளுக்கும் குறைந்த அளவுத் தரத்தை வரையறுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டத்தில் தங்கவைக்கும் தொழிலாளர்களுக்குக் குழாய்நீரும் போதிய மின்சாரமும் தருவது முதலாளியின் கடமை என்று அது விதித்தது. செண்டரோவின் சுழலிகள் ஓடத் தொடங்கி ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கடந்திருந்தன. அதற்குள் பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. குடும்பங்கள் பல ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. ஈயக் கப்பல்களும் ஓய்ந்தன. செண்டரோ நிலையம் மட்டும் இன்னும் ஓயவில்லை. சுரங்கங்களுக்காகத் தொடங்கிய அதன் மின்சாரம், இப்போது தீபகற்ப மலேசியா முழுவதையும் இணைக்கும் மின்வலையில் கலந்து, 230 வோல்ட்டாகத் தாழ்ந்து வீடுகளுக்குள் நுழைகிறது.